திருகோணமலை விசுவாசிகள் கேட்டவையும் வேதம் தரும் பதில்களும்

ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையார் எழுதித் தந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் குறிப்பிடும் வசனங்களை, அந்தந்த அதிகாரம் முழுவதையும் திறந்துவைத்து வாசிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். ஏனெனில் நம்மிடையே உண்டாகும் மனக்காயங்களில் பல, ஒரு வசனத்தை அதன் அயல் வசனங்களிலிருந்து பிரித்தெடுத்துப் பிறர்மேல் எறிவதால் உண்டானவை.

கேள்வி: நான் நிலாவெளியில் கரைவலைத் தொழிலாளி. மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வலை இழுக்க வரும்படி வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி சொல்கிறார். போகாவிட்டால் வேலை போய்விடும். ஆராதனையை விட்டுவிட்டுப் போவது பாவமா?

பதில்: வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் நம் கரையில் வலை போட முடியாது என்பதும், கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் உழைத்ததைக்கொண்டே மற்ற மாதங்களுக்கும் அடுப்பெரிய வேண்டும் என்பதும் இந்தக் கரையில் பிறந்த எனக்குத் தெரியும், சகோதரரே. ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ, வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போலவே இளைப்பாறவேண்டும் என்றும், எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்றும் சொல்கிறது. ஆகவே அந்தக் கட்டளையின் பாரம், வலையின் கயிற்றைப் பிடித்து இழுப்பவனைவிட வலைக்குச் சொந்தக்காரனின் தோள்மேல்தான் அதிகமாக இருக்கிறது. உங்கள் சம்மாட்டி கிறிஸ்தவராக இருந்தால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவரே.

கர்த்தர் உயிர்த்தெழுந்த வாரத்தின் முதலாம் நாளில் கூடிவருவதை ஆதிச் சபையார் வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். அதை அற்பமாக எண்ணவேண்டாம். ஆனால் வீட்டின் பசிக்காக ஒரு ஞாயிறு கடற்கரையில் நின்றவரைப் பாவி என்று சொல்ல எனக்கு வேதத்தில் அனுமதி இல்லை. ‘ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது’ என்று இயேசுவே சொன்னார். அன்று மாலை உங்கள் வீட்டிற்கு வந்து உங்களோடு ஜெபிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். சபைக்கு வராதவரைத் தேடிப் போவது சபையின் கடமை.

கேள்வி: அயலில் உள்ள சைவக் குடும்பத்தார் பொங்கலுக்குப் பொங்கலும், கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தால் பிரசாதமும் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: கொரிந்து பட்டணத்து விசுவாசிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. பவுல் முதலாம் நிருபத்தின் 8ஆம், 10ஆம் அதிகாரங்களில் மூன்று நிலைமைகளைப் பிரித்துப் பேசுகிறார். விக்கிரகத்தின் கோயிலில் பந்தியிருந்து வழிபாட்டில் பங்கெடுப்பது கூடாது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போய், வைப்பதைச் சாப்பிடலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் அறிவித்தால், அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்க்கவேண்டும்.

பொங்கல் அயலாரின் அன்பு. இரு கைகளாலும் வாங்கிச் சாப்பிடுங்கள். பிரசாதம் என்று சொல்லித் தரும்போது, “அம்மா, எங்கள் விசுவாசத்தின்படி இதை நாங்கள் எடுப்பதில்லை, மனம் வருந்தவேண்டாம்” என்று முகம் மலர்ந்து சொல்லலாம். பல ஆண்டு அயலவர்களுக்கு அது புரியும். வாங்கி வைத்துவிட்டுப் பின்னால் குப்பையில் கொட்டுவதுதான் தவறு. அதில் உண்மையும் இல்லை, அன்பும் இல்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நான் ஒருவனே இரட்சிக்கப்பட்டவன், மூத்த மகனும் நானே. அம்மா சென்ற மாதம் காலமானார். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கைக் கன்னியாவில் செய்யவேண்டும், நீயே முன்னின்று செய்யவேண்டும் என்று தம்பிமார் கேட்கிறார்கள். ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்ற வசனத்தைக் காட்டி, அந்தப் பக்கமே போகாதே என்று ஒரு விசுவாசி சொன்னார். என்ன செய்வது?

பதில்: முதலில், உங்கள் தாயாரின் பிரிவுக்காக உங்களோடு துக்கப்படுகிறேன், தம்பி. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்வதற்காக உண்டானவை என்பது இவ்வூரின் ஐதீகம். தாய்க்கு மகன் செய்யவேண்டிய கடன் என்ற உணர்வு இங்கே அத்தனை ஆழமாக ஊன்றியிருக்கிறது. நீங்கள் மறுத்தால், கிறிஸ்தவனானதால் இவன் தாயையே கைவிட்டான் என்றுதான் தம்பிமாரின் காதில் விழும். அதை மனதில் வைத்துக்கொண்டு வேதத்தைத் திறப்போம்.

அந்தச் சகோதரர் காட்டிய வசனம் லூக்கா 9ஆம் அதிகாரத்தில், தம்மைப் பின்பற்றும்படி இயேசு அழைத்த ஒருவருக்குச் சொல்லப்பட்டது. அதே இயேசு சிலுவையில் தொங்கும் வேளையில்கூடத் தம் தாயைச் சீஷனிடம் ஒப்புவித்தார். தாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு ஆதாரமாக அவருடைய வாயிலிருந்தே ஒரு வசனத்தை எடுப்பது சரியல்ல.

யோசேப்பைப் பாருங்கள். யாக்கோபு எகிப்தில் மரித்தபோது, எகிப்திய வைத்தியர்கள் சரீரத்திற்குச் சுகந்தவர்க்கமிட 40 நாட்கள் ஆயின. எகிப்தியர் 70 நாட்கள் துக்கங்கொண்டாடினார்கள். யோசேப்பு இதைத் தடுக்கவில்லை. ஆனால் தகப்பனை அவருடைய சொற்படியே கானானில், மக்பேலா குகையில் அடக்கம்பண்ணினார். கர்த்தரை விசுவாசித்த சீரியப் படைத்தலைவன் நாகமானையும் பாருங்கள்: தன் எஜமானோடு ரிம்மோன் என்னும் சீரியத் தெய்வத்தின் கோவிலில் பணிய நேரிடுமே என்று அவன் கலங்கியபோது, தீர்க்கதரிசியாகிய எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல், சமாதானத்தோடே போகச் சொன்னார். மறுபக்கத்தில், காணிக்கையில் எதையும் மரித்தவர்களுக்காகக் கொடுக்கவில்லை என்று இஸ்ரவேலன் அறிக்கையிடவேண்டும் என்று உபாகமம் 26:14 கூறுகிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான். நீங்கள் கன்னியாவுக்குப் போங்கள், தம்பிமாரோடு நில்லுங்கள், செலவில் மூத்த மகனின் பங்கைக் குறையாமல் கொடுங்கள், வந்த உறவினரை உபசரியுங்கள். பிண்டம் வைப்பதும், இறந்தவரின் ஆத்துமா அதனால் கரையேறும் என்ற நம்பிக்கையோடு செய்யப்படுபவையும் உங்கள் விசுவாசத்திற்கு மாறானவை. அவற்றை இளைய தம்பி செய்யட்டும். இதை இன்றே, தம்பிமாரை மட்டும் அழைத்து, இருந்து பேசிச் சொல்லிவிடுங்கள். ஐயரின் முன்னாலும் ஊராரின் முன்னாலும் சொன்னால் அது உங்கள் தாயாருக்கே அவமானமாகும்.

என் பெரியப்பா சைவராகவே மரித்தபோது எனக்கு 22 வயது. விசுவாச வைராக்கியம் என்று எண்ணிக்கொண்டு படலைக்கு வெளியிலேயே நின்றேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கமுடியவில்லை. உங்களை அந்த இடத்தில் நிற்கவிட எனக்கு மனமில்லை.

கேள்வி: மகளின் கலியாண எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, இராகுகாலத்தில் வைக்கவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: இராகுகாலத்திற்கு நம்மேல் அதிகாரம் இல்லை, அதனால் அதை மீறிக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் கேட்கும் நேரம் வசதியானால் வைத்துக்கொள்ளுங்கள். சாதகம் பார்த்துத்தான் சம்மதிப்போம் என்றால் அது வேறு விஷயம்; உபாகமம் 18ஆம் அதிகாரத்தை அவர்களோடு இருந்து வாசியுங்கள்.

கேள்வி: நகரில் கடை வைத்திருக்கிறேன். அவசரத்துக்குக் கேட்பவர்களுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கொடுக்கிறேன். வட்டிக்கடைகளிலும் அதே வீதம்தானே?

பதில்: சகோதரரே, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு நெகேமியா 5ஆம் அதிகாரத்தை மறுபடியும் திறந்தேன். பஞ்சத்தில் வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்த மக்களின் கூக்குரலைக் கேட்டு நெகேமியா கோபங்கொண்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னவற்றில் ஒன்று, நூற்றுக்கு ஒன்று வீதம் வாங்கிய வட்டி. நீங்கள் வாங்குவது நூற்றுக்குப் பத்து.

வியாபாரத்துக்காகப் பணம் கொடுத்து இலாபத்தில் நியாயமான பங்கு பெறுவதை வேதம் ஒரேயடியாகக் கண்டிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். தாலந்துகளின் உவமையில் காசுக்காரர் வசம் போட்ட பணத்தின் வட்டி பேசப்படுகிறது. ஆனால் யாத்திராகமம் 22:25, சிறுமைப்பட்டவனுக்குக் கொடுத்த கடனில் வட்டி வாங்காதே என்கிறது. உங்களிடம் வருபவர்கள் மருந்துக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் வருபவர்கள். நுண்கடன் தவணையைக் கட்ட வழியில்லாமல் வரும் பெண்களும் அவர்களில் உண்டு. உபாகமம் 24:6, மாவரைக்கும் கல்லை அடகாக வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்குவதாகும் என்கிறது. தையல் மெசினும் தோணியின் எஞ்சினும் நம் ஊரின் மாவரைக்கும் கற்கள். அவை உங்கள் கடைக்குப் பின்னால் இருந்தால், இன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: சுனாமியில் என் தங்கையை இழந்தேன். அது இந்தக் கரையோர மக்களின் பாவத்துக்கான தண்டனை என்று அண்மையில் ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பேச்சு என்னை நித்திரைகொள்ள விடவில்லை.

பதில்: மகளே, அந்தப் பேச்சு கர்த்தருடைய வார்த்தை அல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதே நாள் போயா என்னும் பௌர்ணமி நாளும்கூட. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து எழுந்த அலை, இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. சைவரும் முஸ்லிம்களும் பௌத்தரும் கிறிஸ்தவரும் அதில் இருந்தார்கள். பாவத்தை அளந்து அது யாரையும் தெரிந்தெடுக்கவில்லை.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசு இதே கேள்வியைச் சந்திக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்திருந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதில் சொன்னார். தொடர்ந்து மனந்திரும்பும்படி அவர் அழைத்தது கேட்டுக்கொண்டிருந்த உயிரோடிருப்பவர்களை. செத்துப்போனவர்கள்மேல் அவர் ஒரு சொல்லும் சுமத்தவில்லை. யோபுவின் சிநேகிதர் மூவரும் முதல் ஏழு நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரியாக இருந்தார்கள். உன் பாவத்தால்தான் இது வந்தது என்று வாய் திறந்தபின்புதான் கர்த்தருடைய கோபத்திற்கு ஆளானார்கள். எலியாவின் முன் மலைகளைப் பிளக்கிற காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோயின. அவை ஒன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை என்று 1 இராஜாக்கள் 19 சொல்கிறது.

அது ஏன் நடந்தது என்று கேட்டால், வேதம் எனக்கு ஒரு காரணத்தைத் தரவில்லை. நானாக ஒன்றை உண்டாக்கி உங்களிடம் தரமாட்டேன். லாசருவின் கல்லறையண்டையில், அவனை எழுப்பப்போகிறவரே கண்ணீர் விட்டார் என்று மட்டும் வேதம் சொல்கிறது. உங்கள் தங்கைக்காக நீங்கள் அழுவது விசுவாசக் குறைவு அல்ல. அடுத்த டிசம்பர் 26 அன்று கடற்கரைக்குப் போகும்போது சொல்லுங்கள், நாங்களும் உங்களோடு வருகிறோம்.

கேள்வி: வீடு கட்டி முடிந்தால் ஒரு இலட்சம் ரூபாய் காணிக்கை என்று பொருத்தனை செய்தேன். இப்போது அப்பாவுக்குக் கண் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவை. எதை முதலில் செய்வது?

பதில்: அப்பாவின் கண்ணை. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை என்று சொல்லித் தவிர்த்தவர்களை இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகக் கடிந்துகொண்டார் என்று வாசித்துப் பாருங்கள். பொருத்தனையை மறக்கவேண்டாம், கையில் பணம் வரும்போது சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததும் எங்களுக்கு அறிவியுங்கள். அன்று வைத்தியசாலையில் உங்களோடு இருக்க ஒருவரை அனுப்புகிறோம்.