ஆபீஸ் செயலி என் படங்களைப் பார்க்குமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டாராம். அதனால் ஆபீஸ் மெயில் பார்க்கும் எல்லாருடைய சொந்த ஃபோனையும் ஒரு செயலி போட்டு நிறுவனத்தின் நிர்வாகத்தில் சேர்க்கப்போகிறார்கள். சேராவிட்டால் மெயில் வராது. என்னுடையது ஆண்ட்ராய்டு. மகளின் படங்கள், வாட்ஸ்அப், வங்கிச் செயலி எல்லாவற்றையும் பார்ப்பார்களா? வேலையை விட்டால் ஃபோனையே அழித்துவிடுவார்களா? மறுக்க முடியுமா?

பதில்: முறையாகச் சேர்த்தால் பார்க்க முடியாது, அழிக்கவும் முடியாது. 'முறையாக' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

சொந்த ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு உரிய முறையின் பெயர் 'வொர்க் ப்ரொஃபைல்', அதாவது ஃபோனுக்குள் ஆபீஸுக்கென்று ஒரு தனிப் பக்கம். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இலிருந்தே இருக்கிறது. வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுவது போலத்தான். குடியிருப்பவருக்குத் தனி வாசல், தனிச் சாவி. உங்கள் சமையலறைக்குள் வர வழியில்லை. ஆனால் இரவில் வெளிக்கேட்டைப் பூட்டுங்கள் என்று கேட்பார். அதாவது, திரைப்பூட்டுக்கு வலுவான எண் வைக்கச் சொல்வார்கள். ஃபோனின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஃபோன் பூட்டப்பட்டிருக்கிறதா, ஆபீஸ் பக்கத்தில் என்னென்ன செயலிகள் உள்ளன என்பது போன்றவை அவர்களுக்குத் தெரியும். உங்கள் படங்கள், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், வங்கிச் செயலி எதுவும் தெரியாது. (ஆபீஸ் வைஃபையில் எந்த இணையதளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியவரலாம். அது வேறு கதை. இந்தச் செயலி இல்லாவிட்டாலும் தெரியும்.)

அடையாளம் எளிது. ஆபீஸ் செயலிகள் ஒவ்வொன்றின் மீதும் குட்டியாக ஒரு கைப்பெட்டிச் சின்னம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தையே ஒரு சுவிட்சில் அணைத்து வைக்கலாம். இந்த வசதியை எந்த மேலாளரும் சொல்லித்தருவதில்லை, ஏனோ.

மாறாக, உங்கள் ஃபோனை முழுக்க அழித்து, முதல் வரவேற்புத் திரையில் ஆறு முறை தட்டி, கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் கொடுக்காதீர்கள். அது நிறுவனம் தன் காசில் வாங்கிய ஃபோனுக்கு உரிய வழி. அதில் சேர்ந்தால் மொத்த வீடும் அவர்களுடையது.

அடுத்தது, நான் தொண்டை வறளச் சொல்லிவரும் விஷயம். நடுத்தர நிறுவனங்கள் பலவற்றில் கணினி வேலையை ஓர் ஒப்பந்தக்காரர் பார்க்கிறார். உரிய மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட நிறுவனத்துக்கு மனமில்லை. அவரும் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பை (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் செயலிக் கோப்பு) அனுப்பி, "இதுதான் ஆபீஸ் செயலி, எல்லாவற்றுக்கும் அலவ் கொடுங்கள்" என்கிறார். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதியின் ஃபோனில் அப்படி ஒன்று இருந்தது. இருப்பிடம், மைக், அழைப்புப் பட்டியல், போதாக்குறைக்கு 'ஆக்சஸிபிலிட்டி' (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வந்த வசதி) அனுமதி. இந்தக் கடைசி அனுமதி ஒன்று போதும், திரையில் ஓடுவதைப் படித்துவிடலாம், ஓடிபி உட்பட. இதற்குப் பெயர் நிர்வாகம் அல்ல, உளவு. ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எதையும் நிறுவாதீர்கள். 'ப்ளே ப்ரொடெக்டை அணையுங்கள்' (கெட்ட செயலிகளைப் பிடிக்கும் கூகுளின் காவல் அது) என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, கவனமாகப் படியுங்கள். வொர்க் ப்ரொஃபைல் வேண்டாம் என்று ஒதுங்கி, ஃபோனோடு வந்த மெயில் செயலியிலேயே ஆபீஸ் கணக்கை நேரடியாகப் போட்டுக்கொள்வது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். அது 'எக்ஸ்சேஞ்ச்' (மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் முறை) வகைக் கணக்காக இருந்தால், பல ஃபோன்களில் சேர்க்கும்போதே 'டிவைஸ் அட்மின்', அதாவது ஃபோனை நிர்வகிக்கும் அதிகாரம், என்று ஒரு அனுமதித் திரை வரும். அதில் 'எரேஸ் ஆல் டேட்டா' என்ற வரி இருக்கும். அவசரத்தில் 'ஆக்டிவேட்' தட்டிவிட்டால், ஆபீஸிலிருந்து யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தி உங்கள் ஃபோனை முழுவதும் துடைத்துவிட முடியும். மகளின் படங்களும் சேர்ந்தே போகும். அதாவது, சேராமல் தப்பித்தோம் என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஏற்கெனவே அப்படிக் கணக்கைப் போட்டிருந்தால், முதலில் செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' பட்டியலைத் தேடிப் பாருங்கள். மெயில் செயலியின் பெயர் அங்கே இருந்தால் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு வொர்க் ப்ரொஃபைலுக்குள் புதிதாகப் போடுங்கள்.

வீட்டு மடிக்கணினிக்கும் இதே எச்சரிக்கை. விண்டோஸில் ஆபீஸ் கணக்கில் நுழையும்போது 'அலவ் மை ஆர்கனைசேஷன் டு மேனேஜ் மை டிவைஸ்' (என் கருவியை நிறுவனம் நிர்வகிக்கட்டும்) என்ற கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டு வரலாம். டிக்கை எடுத்துவிட்டு, 'இந்தச் செயலிக்கு மட்டும்' என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

வேலையை விடும்போது ஆபீஸ் பக்கம் மட்டும் அழியும். ஆனால் அது முழுதாக அழியும். கைப்பெட்டிச் சின்னம் போட்ட கேமராவில் எடுத்த படம், ஆபீஸ் பக்கத்தில் சேமித்த தொலைபேசி எண் எதுவும் திரும்பி வராது. மகளைப் படம் எடுக்கும்போது எந்தக் கேமரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுக்கலாமா? மறுக்கலாம், மெயில் வராது, அவ்வளவுதான். சட்டம் கைகொடுக்கும் என்று பெரிதாக நம்பாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 7ஆவது பிரிவில், வேலை தொடர்பாகவும் தன் இழப்பைத் தடுக்கவும் முதலாளி உங்கள் தகவலைச் சம்மதமின்றியே கையாள வழி விட்டிருக்கிறது. கோடிக்கணக்கில் ஆர்டர் எடுப்பவர்கள் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ஃபோன் வாங்கித் தரமாட்டார்கள். உங்கள் ஃபோன், உங்கள் டேட்டா, அவர்களின் விதி. அதையும் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஆகவே சேர்வதற்கு முன் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் அனுப்புங்கள். சேர்ப்பது வொர்க் ப்ரொஃபைல் முறையிலா? விலகும்போது அழிப்பது அதை மட்டும்தானா? இரண்டுக்கும் 'ஆம்' என்று எழுத்தில் வந்தால் சேருங்கள். பதில் வாய்மொழியாக வந்தால், ஆபீஸ் ஃபோன் ஒன்று கேளுங்கள்.