ஏ.சி. ஒழுகினால் பழுது பார்ப்பதா, மாற்றுவதா? – கேள்வி பதில்

பெரம்பூர் வாசகர்: ஐயா, எட்டு வருடப் பழைய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. சுவரில் தண்ணீர் வழிகிறது. புதிது வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் கடைக்காரர், வேறு என்ன சொல்வார்? சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும். அந்த நீர் வெளியே போக வழியில்லாதபோதுதான் உள்ளே ஒழுகும். பெரும்பாலும் நீர் சேரும் தட்டிலும் வடிகுழாயிலும் பாசி படிந்து அடைத்திருக்கும். இல்லையென்றால் உள் யூனிட் சாய்ந்திருக்கும். நல்ல வாட்டர் சர்வீஸ் ஒன்றிலேயே இது தீரும். ஆனால் காயிலில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில், பனிக்கட்டி படிந்து, அது உருகி ஒழுகினால் கதை வேறு. முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பனி கட்டினால் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கலாம். அடுத்த பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

திருவான்மியூர் வாசகி: ஒவ்வொரு ஏப்ரலிலும் கேஸ் நிரப்புகிறோம், இரண்டே மாதத்தில் குளிர் போய்விடுகிறது. கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது, மாற்றிவிடலாமா?

பதில்: அம்மா, கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தனை முறை கேஸ் நிரப்பினீர்கள்? குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

மாற்றுவதா வேண்டாமா என்பதை ஏ.சி.யின் வயதைவிடக் கசியும் இடமே தீர்மானிக்கிறது. வெளி யூனிட்டில் செம்புக் குழாய்கள் வந்து சேரும் இடத்தில், குழாயின் விரித்த வாயைப் பிடித்து இறுக்கும் ஃப்ளேர் நட்டுகளை முதலில் பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும் என்பதால், அங்கே தூசி கறுப்பாக ஒட்டி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி கிளம்பும். அவ்வாறு இருந்தால் குழாய் வாயைப் புதிதாக விரித்து, அதாவது புதிய ஃப்ளேர் அடித்து, இறுக்கினால் போதும், ஏ.சி.யை மாற்ற வேண்டிய பேச்சே இல்லை. அங்கே ஒன்றும் தெரியாவிட்டால், நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இரவு முழுவதும் விட்டு, மறுநாள் கேஜில் அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் தனித்தனியே சோதித்தால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். காயில்தான் என்றால் வாரண்டி அட்டையை எடுத்துப் படியுங்கள். வாரண்டி முடிந்து, காயிலும் கேஸும் கூலியும் சேர்ந்து புதிய ஏ.சி. விலையில் பாதியைத் தொட்டால் மட்டுமே மாற்றுவதைப் பற்றி யோசிப்பேன்.

சிந்தாதிரிப்பேட்டை வாசகர்: வீடு கூவம் கரையோரம் இருக்கிறது. போன வருடம் மாற்றிய உள் காயில் மீண்டும் கசிகிறது. கூவத்து நாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. சாக்கடை நீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரிக்கும். பூஜை அறையில் வெள்ளி விளக்கு விளக்கி வைத்த சில நாட்களிலேயே கறுக்கிறதென்றால், செம்புக் காயிலுக்கும் அதே கதிதான். ஓர் ஓட்டையைப் பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழும். மறுபடியும் அரிப்பைத் தடுக்கும் பூச்சில்லாத காயிலையே போடாதீர்கள்.

வேளச்சேரி வாசகர்: இதை ஏற்க முடியாது. சென்னையில் காயிலைத் தின்பது கடல் உப்புதான். செம்பைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்று விளம்பரங்களே சொல்கின்றனவே.

பதில்: இரண்டும் தின்கின்றன, இடம்தான் வேறு. உப்புக்காற்று முக்கியமாக வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்குகிறது. சல்ஃபைடு வீட்டுக்குள் வந்து செம்புக் குழாயில் ஊசிமுனை ஓட்டைகளைப் போடுகிறது.

வேளச்சேரி வாசகர்: அப்படியானால் அலுமினியக் காயிலே மேல் என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. ஒற்றை ஓட்டை விழுந்தால் எந்த மெக்கானிக்கும் பற்றவைக்கக்கூடியது செம்பு. அலுமினியத்தைச் சரிசெய்ய வல்லவர்கள் குறைவு. ஆனால் குழாய் முழுவதும் அரிக்கும் காற்றில் பற்றவைக்க முடிவதால் என்ன பயன்? கடலோரப் பெசன்ட் நகருக்குப் பொருந்துவது சிந்தாதிரிப்பேட்டைக்குப் பொருந்தாது. விளம்பரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

அண்ணா நகர் வாசகர்: 2011இல் வாங்கிய, ஆர்-22 என்ற பழைய வகைக் கேஸில் ஓடும் ஏ.சி. கசிகிறது. அதிலேயே புதிய ஏ.சி.களில் வரும் ஆர்-32 கேஸை நிரப்பித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: கூடவே கூடாது. ஆர்-32இன் அழுத்தம் ஆர்-22ஐவிட மிக அதிகம், அதற்கு எண்ணெயும் வேறு, போதாததற்குத் தீப்பற்றும் தன்மையும் கொண்டது. இந்தியாவில் ஆர்-22 போன்ற வாயுக்களைக் கொண்டு புதிய ஏ.சி. தயாரிப்பது 2025 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இணைப்பில் கசிவு என்றால் சரிசெய்து ஆர்-22ஐயே நிரப்பிக்கொள்ளுங்கள். காயிலில் என்றால் அந்த ஏ.சி.க்கு விடைகொடுங்கள்.

குரோம்பேட்டை வாசகர்: கேஸ் நிரப்ப எவ்வளவு ஆகும்?

பதில்: கசிவு எங்கே என்று முதலில் சொல்லுங்கள்.

போரூர் வாசகர்: வருடத்துக்கு ஒரு முறை கேஸ் நிரப்புவது நல்லதுதானே?

பதில்: திருவான்மியூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். கேஸ் தீராது.

தாம்பரம் வாசகர்: எந்த பிராண்டு வாங்கலாம்?

பதில்: பிராண்டு பற்றி நான் பேசுவதில்லை.

மயிலாப்பூர் வாசகி: பழையதை மாற்றினால் கரண்ட் பில் குறையும் என்கிறார்களே?

பதில்: எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இரவெல்லாம் ஓடி, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைச் சற்றே தாண்டுகிறவர்களுக்கு, தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி. நன்றாகவே மிச்சம் பிடிக்கும், ஏனெனில் அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. விருந்தினர் அறையில் எப்போதாவது ஓடும் ஏ.சி.யை இதற்காக மாற்ற வேண்டாம். மாற்றத்தான் வேண்டுமென்றால், 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆவடி வாசகர்: கசிவைச் சரிசெய்த மெக்கானிக், குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் கொண்டுவரவில்லை. கொஞ்சம் கேஸைவிட்டே உள்ளிருந்த காற்றைத் தள்ளிவிட்டார். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். காற்றும் ஈரமும் உள்ளே தங்கினால் குளிர் குறையும், எண்ணெய் கெடும், நாளடைவில் கம்ப்ரசரே போகும், சரியாகியிருந்த ஏ.சி.யை நீங்களே மாற்ற வேண்டியதாகிவிடும். அவரையே திரும்ப அழைத்து, கேஸை முறையாக எடுத்துவிட்டு, பம்ப் போட்டு வேக்கம் செய்து, ஏ.சி.யின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்து நிரப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.