தவணை எப்போது, வேளாண்மை வெட்டு எப்போது?

கேள்வி: தள்ளாடிக்கொண்டிருக்கும் ஒரு சிப் நிறுவனம் தன்னைவிடப் பல மடங்கு பெரிய போட்டியாளரைத் தாக்குப்பிடித்து மீளுமா என்பதை முதலீட்டாளர்கள் எதை வைத்துக் கணிப்பது?

இதே கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொன்னேன். நட்டம் என் அத்தானுக்கு வந்தது. அதனால் அந்தக் கதையோடுதான் சொல்ல முடியும்.

2015 ஆவணி மாதம். கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தேன். டொரன்டோவில் இருக்கும் அக்காவின் கணவர் அதற்கு முந்திய வருடம், கம்பியூட்டர் சிப் செய்வதில் இன்டெலோடு போட்டியிடும் சின்ன நிறுவனமான ஏஎம்டியின் 2000 பங்குகளை 4 டொலர் சொச்சத்துக்கு வாங்கியிருந்தார். இப்போது அது 2 டொலருக்கும் கீழே. வைபரில் எடுத்து, "நீ நாள் முழுக்க இந்தச் சாமானோடதானே கிடக்கிறாய், சொல்லு. வைச்சிருக்கவா, வித்துப்போட்டுத் தப்பவா?" என்று கேட்டார்.

"வித்துப்போடுங்க அத்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் "ஐ த்ரீயா, ஐ ஃபைவா" என்று இன்டெல் சிப்புகளைத்தான் முதலில் கேட்பார்கள், மறுகாதான் விலை. ஏஎம்டி என்று வாய் திறந்து கேட்டவர் அந்த வருடம் ஒருவர்கூட இல்லை. எண்களும் என் பக்கம்தான் நின்றன. அந்த வருடக் கணக்கு முடிந்தபோது ஏஎம்டியின் மொத்த விற்பனை 4 பில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவு, நட்டம் 660 மில்லியன். இன்டெல் ஆராய்ச்சிக்கு மட்டும் 12 பில்லியன் செலவழித்திருந்தது. 2011 இல் ஏஎம்டி கொண்டுவந்த புல்டோசர் வடிவமைப்போ மின்சாரத்தைக் குடித்ததே தவிர வேகத்தில் இன்டெலை எட்டவில்லை.

அன்று கடையில் சம்மாந்துறைக் காக்கா ஒருவரும் இருந்தார் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம்). வங்கியில் விவசாயக் கடன் பகுதியில் வேலை. நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், போனை வாங்கி அத்தானிடம், "தம்பி சொல்றது சரி. ஆனா அவங்க கடனை எப்ப கட்டோணும் என்டு பார்த்தீங்களா?" என்றார். அத்தானுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

காக்கா வேளாண்மை வெட்டை, அதாவது நெல் அறுவடையை, வைத்து விளக்கினார். "ஒரு ஆள் பத்து ஏக்கரைக் குத்தகைக்குச் செய்றான். அதே வட்டையில ஒரு போடியார் இருநூறு ஏக்கர் செய்றார். இவன் போடியாரை வெல்லுவானா என்டு நான் பார்க்கிறதில்லை. தவணை முன்னுக்கு வருமா, வேளாண்மை வெட்டு முன்னுக்கு வருமா, அதைத்தான் பார்ப்பேன். வெட்டுக்கு முதல் தவணை வந்தா, எவ்வளவு நல்ல வேளாண்மையும் அவன்ட கைக்கு வராது."

அன்று இரவு நிறுவனத்தின் அறிக்கையைத் தேடி எடுத்தோம். நீண்டகாலக் கடன் ஏறத்தாழ 2 பில்லியன் டொலர். அதைப் பார்த்ததும் நான் "முடிஞ்சுது" என்றேன். காக்கா அந்தத் தொகையைக் கவனிக்கவே இல்லை. கடனைத் திருப்பிக் கட்டவேண்டிய முதிர்வு ஆண்டுகள் நான்கு இருந்தன: 2019, 2020, 2022, 2024. பேனையை 2019 இல் வைத்து, அதற்கு முந்திய வருடங்களில் பெரிய தவணை எதுவும் இல்லை என்று காட்டினார். ஜென் என்ற புதிய வடிவமைப்பு 2016 இல் வரும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஒரு வருடம் பிந்தினாலும் வெட்டி, அடித்து, மூட்டை கட்ட நேரம் இருந்தது.

அதுவரை நான் சாவின் அறிகுறிகள் என்று எண்ணியிருந்தவையும் அதற்குப் பிறகு வேறு மாதிரித் தெரிந்தன. 2009 இல் ஏஎம்டி தன் சிப் ஆலைகளைக் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 2013 இல் ஒஸ்டினில் இருந்த வளாகத்தை 164 மில்லியனுக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தது. காணியை விற்று விதைநெல்லைக் காப்பாற்றும் வேலை இது. விதைநெல்லும் முழுசாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிச் செலவு 2011 இல் கிட்டத்தட்ட 1.45 பில்லியனாக இருந்து 2015 இல் 1 பில்லியனுக்கும் கீழே இறங்கியது. ஆனால் இருந்த காசில் முக்கிய பங்கை ஜென்னுக்கே ஒதுக்கினார்கள். இடையில் அடுப்பெரிய வைத்தது விளையாட்டுக் கருவிகள். 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்குள்ளும் இருந்தது ஏஎம்டி சிப்தான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த நிறுவனம் உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்பும் பெரிய வாங்குநர் யாராவது இருக்கிறாரா? 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் தன் கம்பியூட்டருக்கு இன்டெல் சிப்பைத் தெரிந்தெடுத்தபோது, இரண்டாவதாக ஒருவரும் அதைச் செய்துதர வேண்டும் என்று நின்றது. அப்படித்தான் ஏஎம்டிக்கு அந்த வழி திறந்தது. ஒரே கடையில் மட்டும் சாமான் வாங்க எந்தப் பெரிய வியாபாரியும் விரும்பமாட்டார். என் கடை மேசையில் இருந்து பார்த்தால் அந்த வியாபாரி தெரியமாட்டார்.

அத்தான் என் பேச்சுக்குப் பாதி, காக்காவின் பேச்சுக்குப் பாதி செய்தார். 1000 பங்குகளை 1,800 டொலர் அளவில் விற்றார், 1000 ஐ வைத்துக்கொண்டார். 2017 மார்ச்சில் ஜென் வடிவமைப்பில் செய்த ரைசன் சிப் வந்தது. பழைய வடிவமைப்பைவிட ஒரு சுற்றுக்கு 52 சதவீதம் கூடுதல் வேலை செய்தது. இலக்கு 40 சதவீதம்தான். இன்டெலின் அடுத்த தலைமுறையான 10 நனோமீற்றர்ச் சிப்புகள் வருடக்கணக்கில் பிந்தியதும் சேர்ந்துகொண்டது. அதைக் காக்காவும் எதிர்பார்க்கவில்லை, அந்த அளவுக்கு அதிர்ஷ்டமும் உண்டு. 2018 இல் விலை 30 டொலரை நெருங்கியபோது அத்தான் மிச்சத்தையும் விற்றார். நான் விற்கச் சொன்ன அந்த ஆயிரத்தைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சரி, இப்போது நிலைமை மாறிவிட்டது. ஒருவேளை நீங்களே இன்டெலை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். 2024 ஓகஸ்டில் 15,000 பேரைக் குறைக்கிறோம், பங்கிலாபத்தை நிறுத்துகிறோம் என்று அறிவித்த மறுநாள் அதன் பங்கு 26 சதவீதம் விழுந்தது. அந்த வருட நட்டம் கிட்டத்தட்ட 19 பில்லியன். ஏஎம்டிக்குப் போட்ட கணக்கை அப்படியே இதற்குப் போட முடியாது. இன்டெல் இன்னும் காணியையும் தானே வைத்திருக்கிறது, ஆலைகள் தின்னும் காசு பயங்கரம். அதேநேரம் அது சாகக்கூடாது என்று நினைப்பவர் சாதாரண ஆள் இல்லை: 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசே ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை எடுத்தது. நானாக இருந்தால் 18ஏ என்ற அவர்களின் புதிய தயாரிப்பு முறையை நம்பி வெளி நிறுவனங்கள் பெரிய அளவில் சிப் செய்யக் கொடுக்கின்றனவா என்பதைத்தான் காலாண்டுக்குக் காலாண்டு பார்ப்பேன். யார் பெரியவர் என்ற வாக்குவாதத்துக்குள் இனிப் போகமாட்டேன்.

காக்கா இப்போது ஓய்வில் இருக்கிறார். போன கிழமை இன்டெலின் கடன் அட்டவணையை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "தவணை விளங்குது தம்பி. வெட்டு எப்ப?" என்று கேட்டிருக்கிறார். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.