இருபத்தெட்டும் முப்பதும்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் ஃபிரிஸ்கோ நகரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். டல்லஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் பயிற்சிக்கூடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்டக்காரர் மைக்கா பார்சன்ஸை க்ரீன் பே அணிக்குக் கொடுத்ததில் கிடைத்த தேர்வு உரிமையும் சேர்ந்து, 2026 ஏப்ரல் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே இரண்டு பேரை எடுக்கும் வாய்ப்பு எங்களுக்கு இருக்கிறது. இருவரும் தடுப்பாட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் என் பதினைந்து வயது மகளுக்கும் வேறுபாடு இல்லை. யாரை முதலில் எடுப்பது என்பதில்தான் தினமும் சண்டை. அவள் கார்னர்பேக் என்கிறாள். நான் எட்ஜ் ரஷர் என்கிறேன். அதிலும் கை நீளம் 33 அங்குலத்துக்குக் குறைந்தவர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. 2017இல் வந்த டாகோ சார்ல்டனைப் போல இன்னொரு 'வேஸ்ட்' வந்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. ஒரு உரிமையை விற்று வரிசையில் கீழே இறங்கிக் கூடுதலாக ஆட்களை எடுக்கலாமா? நீங்கள் டல்லஸ் பக்கம் வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் 2017 ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவின் மையத்தில் இருந்தவரையே நீங்கள் 'வேஸ்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஆட்டத்தைப் பின்தொடராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஃபுட்பாலில் 32 அணிகளும் ஆண்டுக்கொரு முறை கூடி, கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் வரிசைப்படி எடுத்துக்கொள்வதற்குத்தான் டிராஃப்ட் என்று பெயர். முந்தைய ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. எட்ஜ் ரஷர் என்பவர் எதிரணியின் காவல் வரிசையைச் சுற்றிப் பாய்ந்து, பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்கை எறிவதற்கு முன்பே வீழ்த்துபவர். அப்படி வீழ்த்துவதற்குத்தான் சாக் என்று பெயர். கார்னர்பேக், பந்தைப் பிடிக்க ஓடுபவரை நிழல்போல் தொடர்ந்து மறிப்பவர்.

கீழே இறங்குவதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எதிரே யார் என்ன விலை தருகிறார் என்பது தெரியாமல் அதைப் பேசுவதில் பயனில்லை. கை நீளத்தைப் பற்றி இரண்டு வரி போதும். டெட்ராய்ட் லயன்ஸ் 2022இல் இரண்டாவதாக எடுத்த ஏடன் ஹட்சின்சனின் கை 32 அங்குலத்தைச் சற்றே தாண்டியது. முதல் ஆண்டிலேயே அவர் 9.5 சாக் எடுத்தார். நீங்கள் பயப்படுகிற சார்ல்டனின் கையோ 34 அங்குலத்துக்கும் அதிகம். உங்கள் அளவுகோல் ஹட்சின்சனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, சார்ல்டனை உள்ளே அழைத்திருக்கும்.

இனி அந்த 'வேஸ்ட்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நீங்கள் ஒரு பெண் குழந்தையின் தகப்பன். 22 வயதில் ஒருவரை மேடையேற்றி, தலையில் தொப்பி வைத்து, ஒரு நகரத்தின் ஏக்கம் முழுவதையும் அவர் தோளில் இறக்கிவைத்துவிட்டு, அவர் தடுமாறியதும் அந்தச் சொல்லால் அடிப்பதை உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் நாளை ஒரு தேர்விலோ வேலையிலோ தடுமாறினால் அதே சொல் தன்மேலும் விழும் என்றுதானே நினைப்பாள்? சார்ல்டன் தன்னைத்தானே 28ஆவது இடத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தவர்கள் வேறு. இனி அவரைப் பற்றி அப்படி எழுதாதீர்கள்.

அன்று நான் டல்லஸை ஒட்டிய இர்விங்கில் ஒரு அடுக்ககத்தில் இருந்தேன். கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிகளில் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துபோன பிறகு தனியாக வாழ்ந்தார். மாலை வேளைகளில் கல்லூரி ஆட்டங்களின் பதிவுகளை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பார்ப்பார். வர்ணனையாளர் பேசினால் நம் கண் அவர் சொல்கிற இடத்துக்குப் போய்விடும் என்பார். எனக்கு இந்த ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பந்தைப் பார்க்காதே, ஒருவனைப் பிடித்துக்கொள், பத்து முறை அவனுடைய கையையும் காலையும் மட்டும் பார் என்பார். டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டி.ஜே. வாட்டை அப்படித்தான் எனக்குக் காட்டினார். வாட் கல்லூரிக்கு வந்தது தடுப்பாட்டக்காரராக அல்ல. பந்து பிடிக்கும் டைட் எண்டாக. முழங்காலில் அடிபட்டு, பிறகு இடம் மாறி, தொடக்க ஆட்டக்காரராக முழுதாக ஆடிய ஒரே ஆண்டில் 11.5 சாக் எடுத்திருந்தார். "இந்தப் பையனுடைய கைகளுக்குப் பந்து பிடிக்கத் தெரியும், அதனால் எதிராளியின் கை எங்கே வரும் என்பதும் தெரிந்திருக்கிறது" என்று பெரியவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

டல்லஸின் முறை 28ஆவதாக வந்தது. அன்றைய டல்லஸ் அணி, முன்வரிசையில் நான்கு பேரைத் தரையில் கையூன்றி நிறுத்தும் முறையில் ஆடியது. அந்த வரிசையின் ஓரத்தில் நிற்க ஒருவர் வேண்டும் என்பது ஊரறிந்த தேவை. சார்ல்டன் ஆறரை அடி உயரம், 277 பவுண்டு எடை. அந்த இடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தவர்போல் இருந்தார். வாட்டோ மூன்று பேர் வரிசை முறைக்கு உரிய லைன்பேக்கர், அதாவது கையூன்றாமல் எழுந்து நின்று ஆடுபவர் என்று பரவலாகப் பெயர் ஒட்டப்பட்டவர். டல்லஸ் சார்ல்டனை எடுத்தது. 29ஆவது இடம் க்ளீவ்லாண்டுக்குப் போனது. 30ஆவது இடத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வாட்டை எடுத்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் காப்பி போட்டார்.

உங்கள் வீட்டுச் சண்டையைப் படித்தபோது எனக்கு அந்த இரவுதான் கண்முன் வந்தது. கார்னரா, எட்ஜா என்று நீங்கள் இருவரும் கேட்பது ஆளைப் பற்றிய கேள்வியே அல்ல. காலியாக இருக்கும் நாற்காலியைப் பற்றிய கேள்வி. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதிரே நிற்பவரின் இடுப்பளவுதான் தெரியும். கௌபாய்ஸ் அணியின் நல்ல தேர்வுகளை எடுத்துப் பாருங்கள். 2005இலும் இதேபோல் முதல் சுற்றில் இரண்டு உரிமைகள் இருந்தன. 11ஆவதாக வந்தவர் டிமார்கஸ் வேர். ட்ராய் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் முன்வரிசையின் ஓரத்தில் கையூன்றி ஆடிய டிஃபென்சிவ் எண்ட் அவர். டல்லஸ் அவரை எழுந்து நிற்கும் லைன்பேக்கராக மாற்றியது. இந்த அணிக்காக மட்டும் 117 சாக் எடுத்தார். 2020இல் இரண்டாம் சுற்றில் வந்த ட்ரெவான் டிக்ஸ், அலபாமாவில் பந்து பிடிப்பவராகத் தொடங்கி கார்னராக மாற்றப்பட்டவர். 2021இல் 11 முறை எதிரணியின் பந்தைப் பறித்தார்.

பார்சன்ஸின் கதை இன்னும் பெரிது. 2020இல் டல்லஸ் 16 ஆட்டங்களில் 473 புள்ளிகளை விட்டுக்கொடுத்திருந்தது. அடுத்த டிராஃப்டில் உங்கள் மகள் சொல்வதைப் போலவே எல்லோரும் கார்னர், கார்னர் என்றுதான் பேசினார்கள். டல்லஸுக்கு 10ஆவது இடம். 8ஆவதாக ஜேசி ஹார்னைக் கரோலினாவும், 9ஆவதாகப் பேட்ரிக் சர்டெய்னை டென்வரும் எடுத்துவிட்டன. கை வெறுமையானது. அதன் பிறகுதான் இரண்டு இடம் இறங்கி, 12ஆவதாகப் பார்சன்ஸை எடுத்தார்கள். அப்போதும் அவர் பாய்ந்து வீழ்த்துபவராக எடுக்கப்படவில்லை. பள்ளியில் ஓரத்தில் நின்று பாய்ந்தவரைக் கல்லூரி லைன்பேக்கராக மாற்றியிருந்தது. டல்லஸும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. 2021 பருவத்தின் இரண்டாவது ஆட்டத்துக்கு முன், ஓரத்தில் நின்று பாயும் டிமார்கஸ் லாரன்ஸுக்குப் பயிற்சியில் பாத எலும்பு முறிந்தது. மற்றொரு ஓரத்து ஆட்டக்காரர் ராண்டி கிரெகரி கோவிட் பட்டியலில் இருந்தார். வேறு ஆள் இல்லாததால், தடுப்பாட்டப் பயிற்சியாளர் டான் க்வின் பார்சன்ஸை ஓரத்தில் நிறுத்தினார். அந்த ஆண்டு 13 சாக், சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது. அவ்வளவும் ஒரு முறிந்த எலும்பினால் வெளியே வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாகவே இருக்கிறது. லாரன்ஸின் பாதம் நன்றாக இருந்திருந்தால் பார்சன்ஸிடம் இது இருப்பது எப்போது தெரிந்திருக்கும்?

சர்டெய்ன் 2024இல் நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கிடைத்திருந்தாலும் டல்லஸ் நன்றாகவே இருந்திருக்கும். ஆகவே உங்கள் மகளும் தவறு சொல்லவில்லை. ஐந்தாம் சுற்றில் 167ஆவதாக வந்த கார்னர் டரோன் பிளாண்ட், 2023இல் பறித்த பந்துகளில் ஐந்தை எல்லைவரை ஓடிச் சேர்த்து லீகின் சாதனையைப் படைத்தார் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். கார்னருக்கு முதல் சுற்றுதான் வேண்டும் என்று சட்டம் இல்லை என்று நீங்கள் வாதாட அது உதவும். அவள் உடனே வாட்டின் 30ஆவது இடத்தைச் சொல்லி உங்களை மடக்குவாள், மடக்கட்டும். ஆனால் அதற்கு முன் இருவரும் சேர்ந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய இரண்டு முழு ஆட்டங்களை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். சிறந்த துணுக்குகளின் தொகுப்பு வேண்டாம். அதில் எல்லோரும் வீரர்கள்தான். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். முதல் முயற்சி தடுக்கப்பட்டதும் அந்தப் பையனின் கை அடுத்து என்ன செய்கிறது என்று எழுதிவையுங்கள்.

யாரிடம் போய்ச் சேர்கிறார் என்பதும் பாதி விஷயம். சார்ல்டன் டல்லஸில் இரண்டு பருவங்களில் 4 சாக் எடுத்தார். 2019 செப்டம்பரில் அணி அவரை விடுவித்தது. அதே பருவத்தில் மயாமிக்குப் போய், அந்த நலிந்த அணியில் 5 சாக் எடுத்தார். அதே ஆள், அதே 34 அங்குலக் கை.

2022 ஜனவரியில் பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தில் வாட் 22.5 சாக் என்ற எண்ணைத் தொட்டு, மைக்கேல் ஸ்ட்ராஹன் 2001இல் படைத்த சாதனையைச் சமன்செய்தார். அன்றிரவு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். நான் இர்விங்கை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சொன்னது சரியாகிவிட்டது என்று வாழ்த்தத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த இன்னொரு பையன் இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாகோ சார்ல்டன் அந்தப் பருவத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில்தான் இருந்தார். 28ஆவதும் 30ஆவதும் ஒரே சீருடையில், ஒரே முன்வரிசைக் குழுவில். பெரியவர் அந்தப் பருவம் முழுவதும் ஸ்டீலர்ஸ் ஆட்டங்களை ஒலியில்லாமல் பார்த்தது வாட்டுக்காக அல்ல, அவருக்காக.

அன்புடன்.