டைமிங் பெல்ட்: கேட்டவையும் என் பதிலும்

பேஸ்லைன் வீதிப் பக்கம் நெடுநாளாகக் கராஜ் வேலை செய்கிறேன். டைமிங் பெல்ட் என்பது பிஸ்டன்கள் சுற்றும் கிராங் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் இணைத்து ஒத்துச் சுற்றவைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

எங்கட டொயோட்டா அக்ஸியோ கார் ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா? (தெஹிவளை)

வேண்டாம் அக்கா. அக்ஸியோவுக்கு டைமிங் பெல்ட்டே இல்லை, உள்ளே செயின்தான். அக்வாவும் அப்படியே. ஒயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றுங்கள். சொன்னவர் வெளியில் ஓடும் ஃபேன் பெல்ட்டைச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கொரோலா 110, 5ஏ என்ஜின். நான் வாங்கி 6 வருடம், ஓடியது 35,000 கிலோமீற்றர்தான். முந்தின சொந்தக்காரர் பெல்ட் மாற்றினாரா தெரியாது. (கொட்டாஞ்சேனை)

தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே எடுங்கள் தம்பி. மீற்றரை மட்டும் நம்பவேண்டாம். பின்னேரம் காலி வீதியில் ஒரு மணித்தியாலம் நெரிசலில் நின்றால், 750 ஆர்பிஎம்மில் என்ஜின் 45,000 தரம் சுற்றியிருக்கும். பெல்ட்டும் கூடவே ஓடியிருக்கும், மீற்றர் அசையாது. ரப்பர் சும்மா இருந்தாலும் இறுகும். ஒரு லட்சம் என்பது பொதுக் கணக்கு. கொழும்புக்குள் ஓடுகிற வாகனத்துக்கு நான் 80,000 அல்லது 5 வருடம், எது முந்துகிறதோ அதில் மாற்றுவேன். உங்கள் என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் அடிபடாது. ஆனாலும் கார் நடுவீதியில் நின்றுவிடும்.

டொல்பின் வான், டீசல். டைமிங் பெல்ட் மாற்றச் சொல்லும் டி-பெல்ட் லைட் எரியவே இல்லை. பயமில்லைத்தானே? (வத்தளை)

இதற்குத்தான் நான் மிக அதிகமாகப் பயப்படுகிறேன் அண்ணா. அந்த லைட் பெல்ட்டைப் பார்ப்பதில்லை, ஓடிய தூரத்தை எண்ணி ஒரு லட்சத்தில் எரியும், அவ்வளவுதான். மீற்றரைக் குறைத்திருந்தால் லைட்டும் பொய் சொல்லும். டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் இடம் மிகக் குறைவு, பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதும். இப்படி லைட்டை நம்பி ஓடிய ஒரு வானைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் என்ஜின் மேல்பகுதியை) கழற்றினால் பிஸ்டன் தலையில் பிறை மாதிரி வால்வு குத்திய அடையாளம். பெல்ட் செலவில் முடியவேண்டியது ஹெட் வேலையாகிப் போனது. வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றால் இந்த வாரமே மாற்றுங்கள்.

மேல் கவரைத் திறந்து பார்த்தால் போதாதா? (வெள்ளவத்தை)

பாருங்கள், நல்லதுதான். ஓரம் நூல் பிரிந்திருந்தால், பல்லடியில் வெடிப்பிருந்தால், ஒயில் பட்டு ஊறியிருந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும். ஆனால் பார்வைக்குப் புதிதுபோல இருந்த பெல்ட்டும் அறுந்ததைக் கண்டிருக்கிறேன். கெட்டதைக் கண்டுபிடிக்கத்தான் கண் உதவும், நல்லது என்று உறுதி சொல்ல உதவாது.

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் என்ஜின் எடுத்தேன். பெல்ட் அதிலேயே இருக்கிறது. அப்படியே பூட்டவா? (மருதானை)

பூட்டாதீர்கள். அந்தப் பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாது. என்ஜின் வெளியில் இருக்கும்போது வேலையும் லேசு. டென்ஷனர் பேரிங் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), முன் ஒயில் சீல் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வோட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடுகிற என்ஜின் என்றால் அதையும். பூட்டியதும் சாவி போடமுதல் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். கிராங் புலியிலும் மேல் புலியிலும் உள்ள டைமிங் குறிகள் திரும்ப அவற்றுக்குரிய இடத்துக்கு நேராக வந்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ண விடுங்கள்.