உங்க மேஜையில என்னெல்லாம் இருக்கு? கேட்டதும் சொன்னதும்

நான் வரையற, வெட்டி ஒட்டற மேஜையில இருக்கற பொருளைப் பத்தியும் என்னைப் பத்தியும் வந்த கேள்விகள்ல, வாங்கப்போற யாருக்காவது உதவற மாதிரி இருந்ததை எல்லாம் எடுத்து பதில் சொல்லியிருக்கேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், இதுல இருக்கற எல்லாமே நான் என் காசு போட்டு வாங்கினது, யாரும் சும்மா அனுப்பினது கிடையாது. யாராவது "எனக்கு ரொம்ப பிடிச்சது இது"ன்னு சொன்னா அது அவங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டுக்கோங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

கேள்வி: அக்கா உங்களுக்கு ரொம்ப பிடிச்ச கலர் எது? அதை எந்த கம்பெனில வாங்கறதுன்னும் சொல்லுங்க.

பதில்: அல்ட்ராமரீன் நீலம். பேப்பர்ல தண்ணியோட விட்டோம்னா அது சமமா பரவாது, சின்னச் சின்ன துகளா பேப்பரோட பள்ளத்துல போய் உக்காந்துக்கும், காய்ஞ்சதும் மழைக்கு முன்னாடி வர்ற வானம் மாதிரி இருக்கும், எத்தனை வருஷமா பார்த்தாலும் எனக்கு சலிக்கல. கூட கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, அதாவது செம்மண் மாதிரி ஒரு பழுப்பு, கலந்தா அருமையான சாம்பல் கலர் கிடைக்கும், அதனால நான் கறுப்பு டியூப் வாங்கறதையே விட்டுட்டேன்.

கம்பெனி பேரை விட டியூப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கற நம்பரைப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். ஒவ்வொரு பிக்மென்ட்டுக்கும், அதாவது கலரைக் குடுக்கற பொடிக்கும், உலகம் முழுக்க ஒரே நம்பர்தான், அல்ட்ராமரீன்னா பிபி 29, பர்ன்ட் சியன்னான்னா பெரும்பாலும் பிபிஆர் 7. முன்னாடி பெருசா போட்டிருக்கற பேரை கம்பெனி இஷ்டத்துக்கு வச்சுக்கலாம், ஆனா பின்னாடி இருக்கற நம்பர்தான் உள்ள என்ன இருக்குன்னு சொல்லும். ஒரே பேர்ல ரெண்டு கம்பெனி டியூப் வாங்கி ரெண்டும் வேற வேற கலரா இருந்து குழம்பினவங்க நிறைய பேர், நம்பரைப் பார்த்திருந்தா கடையிலயே தெரிஞ்சிருக்கும்.

அல்ட்ராமரீன்ல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, ஒரு காலத்துல ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைச்சு எடுத்த கலர் இது, 1820கள்ல செயற்கையா செய்யற வழி கண்டுபிடிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் மலிவாயிடுச்சு. அதனால ஸ்டூடன்ட் தர டியூப்லயும் நிஜமான பிபி 29தான் இருக்கும், என்ன, பிக்மென்ட் கொஞ்சம் கம்மியாவும் மத்த சரக்கு கொஞ்சம் அதிகமாவும் இருக்கும். கோபால்ட், கேட்மியம் மாதிரி விலை கூடின கலர்லதான் கவனமா இருக்கணும். பேருக்குப் பின்னாடி "ஹியூ"ன்னு ஒரு சின்ன வார்த்தை இருந்துச்சுன்னா அது நிஜமான பிக்மென்ட் இல்ல, வேற ஏதோ கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டு வந்ததுன்னு அர்த்தம். அது ஏமாத்து இல்ல, வெளிப்படையாதான் போட்டிருக்காங்க, நாமதான் படிக்கணும்.

கேள்வி: நான் புதுசா ஆரம்பிக்கறேன். 48 கலர் செட் நல்ல ஆஃபர்ல வருது, வாங்கலாமா?

பதில்: வேணாம்மா. அதுல பாதி டப்பாவை தொடவே மாட்டீங்க. மஞ்சள், சிவப்பு, நீலம் மூணுலயும் கொஞ்சம் சூடானது ஒண்ணு, குளிர்ச்சியானது ஒண்ணுன்னு 6 கலர் (மஞ்சள்னா ஆரஞ்சு பக்கம் சாயறது சூடு, பச்சை பக்கம் சாயறது குளிர்ச்சி), கூட ஒரு மண் கலர், இவ்வளவு இருந்தா போதும், மிச்சத்தை கலந்துக்கலாம், கலக்கக் கத்துக்கறதே பாதி சந்தோஷம். தனித்தனியா 5 மில்லி டியூப் வாங்கினா ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு ஹாஃப் பேன், அதாவது கலர் ஊத்தி வைக்கற குட்டி டப்பா, ரொப்பும், ரொம்ப நாளைக்கு வரும். மிச்சமாகற காசை பேப்பர்ல போடுங்க.

கேள்வி: எல்லாரும் பேப்பர் பேப்பர்னு சொல்றாங்க, 300 ஜிஎஸ்எம்னு போட்டிருந்ததைத்தான் வாங்கினேன், ஆனாலும் கலர் சேறு மாதிரி ஆயிடுது, பேப்பரும் உரிஞ்சு வருது. என் கைதான் சரியில்லையா?

பதில்: உங்க கையை தயவுசெஞ்சு குறை சொல்லாதீங்க, இதே இடத்துல நானும் மனசு விட்டுப்போய் கொஞ்ச நாள் பிரஷ்ஷைத் தொடாமலே இருந்திருக்கேன், அதனால இதுக்கு மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஜிஎஸ்எம்ங்கறது எடை மட்டும்தான், ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கறது. சாதாரண பிரின்டர் பேப்பர் 70, 80 இருக்கும், வாட்டர் கலருக்கு 300 இருந்தா தண்ணிக்கு ரொம்ப சுருளாம தாங்கும். ஆனா அது எதுல செஞ்சது, மேல என்ன பூசியிருக்குங்கறதை அந்த நம்பர் சொல்லாது. மரக்கூழ்ல செஞ்சதும் 300 இருக்கலாம், முழுக்க பஞ்சுல செஞ்சதும் 300 இருக்கலாம், ரெண்டும் நடந்துக்கற விதமே வேற. பஞ்சு பேப்பர் தண்ணியை உள்ள வாங்கி மெதுவா காயும், அதனால ரெண்டாவது தடவை கலர் போட, ஓரத்தை இளக்க நமக்கு நேரம் கிடைக்கும், தேய்ச்சாலும் அவ்வளவு சீக்கிரம் உரியாது. அப்புறம் சைஸிங்னு ஒண்ணு இருக்கு, ஜெலட்டின் மாதிரி ஒரு பூச்சு, கலர் உடனே உள்ள இறங்கிடாம மேலயே நிக்கறது அதனாலதான். அது சரியா இல்லாத பேப்பர்ல எவ்வளவு நல்ல கலரைப் போட்டாலும் சப்புன்னு உறிஞ்சி மங்கிப்போயிடும். அதனால அட்டையில 100 சதவீதம் காட்டன்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க. வெறும் "காட்டன்"னு மட்டும் இருந்தா எத்தனை சதவீதம்னு கேளுங்க.

அப்புறம், போட்டிருக்கற ஜிஎஸ்எம் நிஜமான்னு நீங்களே வீட்டுல பார்த்துடலாம், இது ரொம்ப பேருக்குத் தெரியல. ஏ0 ஷீட் ஒரு சதுர மீட்டர், ஏ4 அதுல பதினாறுல ஒரு பங்கு. அப்ப 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒண்ணு 5 கிராம், 300 ஜிஎஸ்எம் ஏ4 ஒண்ணு 18.75 கிராம். பத்து ஷீட்டை சமையலறைத் தராசுல வச்சா 187 கிராம் பக்கம் வரணும். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், காத்துல ஈரம் இருந்தா எடை கூடும், ஆனா 130, 140னு காட்டுச்சுன்னா அது 300 இல்ல, தராசுல வச்சபடியே ஒரு ஃபோட்டோ எடுத்து திருப்பி அனுப்பிடுங்க. நான் ஒரு தடவை அப்படித்தான் பண்ணேன், கடைக்காரங்க ஃபோட்டோவைப் பார்த்துட்டு ஒரு கேள்வி கூட கேக்காம பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

பெரிய பேட் வாங்கறதுக்கு முன்னாடி ஒத்தை ஷீட் கிடைச்சா அதை வாங்கி நாலா வெட்டி அதுல வரைஞ்சு பாருங்க. கோல்ட் பிரஸ், ஹாட் பிரஸ், ரஃப்னு மூணு வகை வரும், ஹாட் பிரஸ் வழவழன்னு இருக்கும், பேனா வேலைக்கு நல்லா இருக்கும், ரஃப் பேர்லயே இருக்கு, கோல்ட் பிரஸ் நடுவுல. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு கோல்ட் பிரஸ்.

கேள்வி: நீங்க இடது கையால வரைவீங்கன்னு சொன்னாங்க, நிஜமா? உங்களுக்குன்னு தனியா ஏதாவது வாங்குவீங்களா?

பதில்: நிஜம்தான், எழுதறது வரையறது வெட்டறது எல்லாமே இடது கைதான். ஒரே ஒரு பொருள்தான் தனியா வேணும், அது கத்தரிக்கோல். சின்ன வயசுல நான் வெட்டினா எப்பவும் கோடு கோணலாப் போகும், எனக்கு வெட்ட வராதுன்னே முடிவு பண்ணி வச்சிருந்தேன். பெரியவளானப்புறம் நிஜமான இடதுகை கத்தரிக்கோலை முதல் தடவை பிடிச்சு வெட்டினப்ப கோடு நேராப் போச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இதுல வாங்கறவங்க ஏமாறற இடம் ஒண்ணு இருக்கு. பிடி மட்டும் ரெண்டு கைக்கும் பொருந்தற மாதிரி செஞ்சுட்டு இடதுகைக்காரங்களுக்கும் ஏத்ததுன்னு போட்டுடுவாங்க. விஷயம் பிடியில இல்ல, தகடுல இருக்கு. கத்தரிக்கோல் முனை உங்களை விட்டு வெளிய பார்க்கற மாதிரி பிடிச்சு கொஞ்சம் திறந்து பாருங்க, மேல இருக்கற தகடு இடது பக்கம் இருந்தா அது நிஜமான இடதுகை கத்தரிக்கோல், வலது பக்கம் இருந்தா பிடி எப்படி இருந்தாலும் அது வலதுகைக்குத்தான். தகடு மாறி இருந்தாதான் வெட்டற கோடு நம்ம கண்ணுக்குத் தெரியும், விரல் அழுத்தற அழுத்தத்துல ரெண்டு தகடும் ஒட்டி நிக்கும், இல்லாட்டி விலகிப்போய் பேப்பர் மடங்கும். வீட்டுல இடதுகைக் குழந்தை இருந்தா இதை மட்டும் பார்த்து வாங்கிக் குடுங்க, ப்ளீஸ்.

கேள்வி: பேனாவால வரைஞ்சு மேல வாட்டர் கலர் போட்டா மை கரைஞ்சு ஓடுது. நீங்க எந்த பேனா வச்சிருக்கீங்க?

பதில்: பிக்மா மைக்ரான், 05 முனை. அதுல பிக்மென்ட் மை இருக்கறதால காய்ஞ்சப்புறம் தண்ணிக்குக் கரையாது, ஆனா காய விடணும், நான் அவசரப்பட்டு போட்டு இழுவினதும் உண்டு. வேற எந்த கம்பெனின்னாலும் பரவாயில்ல, பிக்மென்ட் மையா, வாட்டர்ப்ரூஃபான்னு ரெண்டும் எழுதியிருக்கான்னு பாருங்க.

ஃபவுண்டன் பேனா பிரியர்களுக்கு ஒண்ணு. பாட்டில்ல இந்தியன் இங்க்குன்னு வர்ற, ஷெல்லாக்னு ஒரு வகை அரக்கு கலந்த கறுப்பு மையை ஃபவுண்டன் பேனாவுல ஊத்தவே ஊத்தாதீங்க, உள்ள காய்ஞ்சு அடைச்சுக்கிட்டா எடுக்கறது ரொம்பக் கஷ்டம், அது தொட்டு எழுதற நிப்புக்கும் பிரஷ்ஷுக்கும்தான். அழிச்சு எழுதற ஜெல் பேனாவும் எனக்குப் பிடிக்கும், பிளான் எழுத வச்சிருக்கேன், ஆனா அதோட மை சூடு பட்டா நிறம் போயிடற வகை, சுமார் 60 டிகிரி போதும், அதனால கையெழுத்துக்கும் முக்கியமான பேப்பருக்கும் அதைத் தொடாதீங்க. வெயில்ல நின்ன காருக்குள்ள வச்ச நோட்டு வெத்து நோட்டா மாறினா ஃப்ரீஸர்ல வச்சுப் பாருங்க, எழுத்து திரும்ப வரும்.

கேள்வி: என் பொண்ணு வரைஞ்ச படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டினோம், ரெண்டு வருஷத்துல ரோஸ் கலர் மொத்தமும் போயிடுச்சு. கம்பெனி மேல புகார் குடுக்க முடியுமா?

பதில்: படிக்கவே கஷ்டமா இருக்கு. அந்த டியூப்பையோ மார்க்கரையோ முதல்ல எடுத்துப் பாருங்க. லைட்ஃபாஸ்ட்னு, அதாவது வெளிச்சத்துல மங்காதுன்னு, போட்டு 1 அல்லது 2னு ரேட்டிங் போட்டிருந்தும் வெளிறிப்போச்சுன்னா கண்டிப்பா எழுதிக் கேளுங்க, டியூப்ல இருக்கற பேட்ச் நம்பரையும் படத்தோட ஃபோட்டோவையும் சேர்த்து அனுப்புங்க. ஒண்ணுமே போடலைன்னா அவங்க வாக்குக் குடுக்கல, அதனால புகார் நிக்கறது கஷ்டம். ஆல்கஹால் மார்க்கர் பெரும்பாலும் சாய மைதான், வெளிச்சத்துல போயிடும். பளிச்சுன்னு மின்னற ஃப்ளோரசன்ட் ரோஸும் அப்படித்தான். பழைய அலிஸரின் கிரிம்சன் கூட, அதாவது பிஆர் 83 நம்பர், மங்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்குப் பதிலா பிவி 19 நம்பர் இருக்கற ரோஸ் வாங்குங்க, நிக்கும்.

நான் எந்த புது கலர் வாங்கினாலும் ஒரு பேப்பர் பட்டையில பூசி, பாதியை அட்டை வச்சு மறைச்சு, வெயில் விழற ஜன்னல்ல மூணு நாலு மாசம் ஒட்டி வச்சுடுவேன். அட்டையை எடுத்தா ரெண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரியுதான்னு பார்க்கறது, அவ்வளவுதான். பொண்ணோட அடுத்த படத்தை முதல்ல நல்லா ஸ்கேன் பண்ணி வச்சுட்டு மாட்டுங்க, நேரா வெயில் படாத சுவர்ல.

கேள்வி: பசை?

பதில்: பேப்பருக்கு அமிலம் இல்லாத பிவிஏ, அதாவது வெள்ளைப் பசை. சூப்பர் க்ளூ ஒரு டியூப் வச்சிருக்கேன், அதைப் பஞ்சாலயோ பருத்தித் துணியாலயோ துடைக்கவே கூடாது, பருத்தி பட்டா சட்டுன்னு கொதிக்கற சூடு வந்து கை சுட்டுடும்.

கேள்வி: உங்க மேஜை ஃபோட்டோவுல ஒரு டப்பா நிறைய குட்டிப் பென்சில் துண்டு இருந்துச்சு, அதை ஏன் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்க?

பதில்: தூக்கிப் போட மனசு வராது, ஒவ்வொண்ணும் எந்த ஸ்கெட்ச் புக்கோட தீர்ந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா சும்மா வச்சிருக்கல, எல்லாத்தையும் பயன்படுத்தறேன். பென்சில் எக்ஸ்டென்டர்னு ஒண்ணு இருக்கு, ஒரு முனையில உலோகக் குழாயும் ஒரு வளையமும் இருக்கும், துண்டை உள்ள விட்டு வளையத்தை இறுக்கினா முழுப் பென்சில் மாதிரி பிடிக்கலாம், கட்டைவிரல் நீளம் வரைக்கும் வரையலாம்.

பென்சில் வாங்கும்போது நான் பார்க்கறது ரெண்டே விஷயம். பின்பக்கத்தைப் பாருங்க, கறுப்புக் கரு நடு மையத்துல இருக்கா, ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கான்னு, ஒதுங்கியிருந்தா சீவும்போது ஒரு பக்கம் மரமே போகாது, முனை உடைஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம், சீவச் சீவ உடைஞ்சா உள்ளயே கரு நொறுங்கியிருக்குன்னு அர்த்தம், யாரோ எங்கயோ கீழ போட்டிருக்காங்க, அதனால கீழ விழுந்த டப்பாவை எடுக்காதீங்க. எக்ஸ்டென்டர் வாங்கப் போறப்ப வீட்டுல இருக்கற துண்டுல ஒண்ணை கையோட எடுத்துட்டுப் போங்க, கலர் பென்சில் கொஞ்சம் தடிமனா இருக்கறதால எல்லாக் குழாய்லயும் நுழையாது, கடையிலயே விட்டு இறுக்கிப் பார்த்துட்டு வாங்குங்க.