ஒன்பதாம் வகுப்பில் டிசி வாங்கச் சொன்னால்…

அன்புள்ள அம்மா,

மகனின் அறிவியல் நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக இருக்கிறது, மூன்றும் பிழை. அதே பாடத்தை வாயால் கேட்டால் இலை, பச்சையம், சூரிய ஒளி என்று வரிசை மாறாமல் சொல்கிறான் என்கிறீர்கள். பள்ளியோ, "பத்தாவதில் ஃபெயிலாகிவிடுவான், டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறது. முதல் வேலையாக ஒன்று: டிசி கேட்டு நீங்களே எழுதித் தருவதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகக் கேட்டு வாங்கியதாகப் பதிவாகிவிட்டால் பிறகு பள்ளியைக் கேள்வி கேட்பது மிகக் கடினம்.

இந்தப் பேச்சு ஒன்பதாம் வகுப்பில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அந்தக் காவல் எட்டோடு முடிகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதக் கவலை ஒன்பதிலேயே தொடங்கிவிடுகிறது. நடுவில் சிக்கிக்கொள்வது உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள்தான்.

ஆனால் அவனுக்கு இன்னொரு சட்டம் துணை இருக்கிறது. அது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995-இன் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் அடக்கம். "நாங்கள் தனியார் பள்ளி, எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். 16-வது பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். இத்தனை வருடம் அவனைச் சோம்பேறி என்று திட்டிய பள்ளி செய்திருக்க வேண்டிய வேலை அது. அடுத்த 17-வது பிரிவில் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் வருகின்றன.

இவை தானாக வந்து சேராது, அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்ற அரசுச் சான்றிதழ் வேண்டும். உங்கள் கணவர் தயங்குவது எனக்குப் புரிகிறது. 'ஊனம்' என்று காகிதத்தில் ஏறிவிட்டால் வாழ்க்கை முழுக்க ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் எல்லா அப்பாக்களுக்கும் உண்டு. என் கருத்தை நேராகவே சொல்கிறேன். மக்கு என்ற பெயர் அவனுக்கு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. சான்றிதழ் அந்தப் பெயரை நீக்கி, சரியான காரணத்தைச் சொல்லும். அதை யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (UDID) இணையத்தில் விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழி சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் நுண்ணறிவுச் சோதனையும், பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனையும் செய்வார்கள். தனியார் உளவியலாளரின் அறிக்கை தொடக்கத்துக்கு உதவும். பொதுத்தேர்வுச் சலுகைக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றையே நம்புங்கள். போகும்போது அந்த அறிவியல் நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். சான்று கிடைத்ததும் அதில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு மறுபரிசோதனை கேட்பது வழக்கம்.

அப்புறம், சான்றில் குறிக்கப்படும் குறைபாட்டின் சதவீதம். "40-க்குக் கீழே வந்தால் ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொல்வார்கள். பாதிதான் உண்மை. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் உள்ள 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும், அரசு வேலையில் உள்ள 4 சதவீதத்துக்கும் 40 வேண்டும். 18 வயதுவரை இலவசக் கல்வி என்ற 31-வது பிரிவுக்கும் அப்படித்தான். பாகுபாடு காட்டக் கூடாது, தகுந்த வசதி தர வேண்டும் என்பதற்கு அந்த வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இறுகிவிடும் பாதிப்புள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார், 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள், அவர் வென்றார். இந்த வழக்கின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியிடம் பேசும்போது உதவும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகப் போக வேண்டும் என்பதால், இந்த வருடமே சான்று கையில் இருந்தால் அடுத்த வருடம் ஓட வேண்டியதில்லை. மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், பையனைக் கேளுங்கள். கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் இருந்தாலே சில பிள்ளைகள் மொழிப்பாடத்தையும் தேற்றிவிடுகிறார்கள்.

பள்ளியிடம் எதையும் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆணையருக்கு விசாரணையில் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. எடுத்த எடுப்பில் சண்டை வேண்டாம். வகுப்பாசிரியர் நல்லவராக இருந்தால் அவரையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அவனைப் பார்ப்பவர் அவர்தான்.

பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவன் மிக்சியைக் கழற்றி மாட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆர்வத்துக்காக என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். எழுத வராது என்பதற்காக என்றால் வேண்டாம். அங்கேயும் எழுத்துத் தேர்வுதான். பத்தாம் வகுப்பு முடியட்டும், சான்று கையில் இருக்கும்போது டிப்ளமோ, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டையும் வைத்துப் பேசுவோம். அப்போது அவனையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்